ஆழம் தொடர்பான கடிதப் போக்குவரத்து

ஒப்பந்தத்தைத் தட்டச்சு செய்தவள் நான்.
பதினேழு பக்கம். மூன்று முறை கரண்ட் போய்
மூன்று முறையும் முதலிலிருந்து.
ஒரு தரப்பு எங்கள் வளாகம்,
மறுதரப்பு ஒல்லாந்தில் மழை ஓயாத ஏதோவொரு நகரத்துப் பல்கலைக்கழகம்,
நடுவில் கிண்ணியா நிஸ்தார் ஹாஜியாரின்
மீன் ஏற்றுமதிக் கம்பனி.

பதினான்காம் பிரிவு: எதிர்பாராத இடையூறுகள்.
அவர்களின் சட்டத்தரணி கேட்டிருந்தார்,
புயல், வெள்ளம், நிலநடுக்கம் சரி,
யுத்தத்தையும் இதற்குள் சேர்க்கலாமா?
சித்திரவடிவேல் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"எதிர்பாராததோ, பிள்ளை?
காலையில பாண் வருமோ எண்டு தெரியாது.
இது வரும்."
'நிலவும் சூழ்நிலை' என்று எழுதினோம்.
பத்திரிகைகள் பழக்கிவிட்ட சொல்.

பிறகு கருவி வந்தது,
சப்பாத்துப் பெட்டியளவு.
தோணியில் கட்டிக் கொட்டியாரக் குடாவில் ஓட்டினால்
ஒலி கீழே போய்த் திரும்பி வந்து
ஆழம் சொல்லுமாம்.
மகாவலி கடலுக்குள் இறங்கிய பிறகும்
விடாமல் தோண்டிக்கொண்டு போகிற பள்ளமொன்று அங்கே உண்டு.
பாரை மீன் கூடுவது அதன் விளிம்பில்தான் என்று
ஆய்வு முன்மொழிவில் எழுதியிருந்தான் யோகரதன்,
கடைசி வருடம், மூதூர்ப் பக்கத்துப் பொடியன்.

சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறந்தார்கள்.
இது என்ன செய்யும்?
கடலின் ஆழத்தை அளக்கும்.
எதற்கு?
சேர் சிங்களத்தில் கால் மணி நேரம் விளக்கினார்.
அந்த அதிகாரிக்கு இருபத்திரண்டு வயதிருக்கும்,
கவனமாகத்தான் கேட்டான்.
தன் ஊரிலும் கடல் இருப்பதாகச் சொன்னான்.
பிறகு பற்றுச்சீட்டு எழுதினான்:
பெட்டி ஒன்று.
பற்றரி நான்கு.
பற்றரிக்கு வேறு புத்தகம், வேறு கையொப்பம்.

"உங்கட மெஷின் மீனக் காட்டும், தங்கச்சி,
கடலுக்குப் போற பாஸ் காட்டுமா?"
ஐஸ் வாடிக்குள் நின்று ஹாஜியார் சிரித்தார்.
ஆனாலும் முதல் தவணைக்குக் காசோலை தந்தார்,
திகதி இல்லாமல்.
"நல்ல நாள் வரக்குள்ள நீங்களே போடுங்க."
அது என் லாச்சிக்குள் கிடந்தது.
ஆவணியில் மூதூர்ப் படகு நின்றபோதும்
ஷெல் சத்தத்தில் யன்னல் கண்ணாடி உதிர்ந்து
கோப்புகளுக்குள் புகுந்தபோதும்.

ஒல்லாந்திலிருந்து ஹென்ட்ரிகா எழுதினாள்:
கருவி கிடைக்கும்வரை இது உதவக்கூடும்.
இணைப்பில் ஒரு வரைபடம்,
எங்கள் குடா,
அவர்களின் ஆவணக் காப்பகத்தில் இருந்தது.
முந்நூறு வருடத்துக்கு முன்
கயிற்றில் ஈயக்குண்டு கட்டி இறக்கி
பாகம் பாகமாக எண்ணி எழுதிய இலக்கங்கள்,
எறும்பு ஊர்வதுபோல் கரையிலிருந்து உள்ளே.
அவர்களிடம் யாரும் எதற்கு என்று கேட்டிருக்க மாட்டார்கள்.
கேட்டிருந்தாலும் கோட்டையிலிருந்து பதில் போயிருக்கும்.
கடைசி வரியில், வெட்கமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாள்.
வரைபடத்துக்கு மட்டும் நன்றி சொல்லிப் பதில் போட்டேன்.

யோகரதனின் கடிதம்
மட்டக்களப்பு முகாமொன்றிலிருந்து
ஒரு லொறிக்காரர் கையில் வந்தது.
கொப்பித்தாள், ஒரு பக்கம்.
'சேர், வெருகலாற்றை இரவில் கடந்தோம்.
ஆழம்: எனக்கு நெஞ்சு, அம்மாவுக்குக் கழுத்து.
தங்கச்சியின் மகனுக்கு அளக்கவில்லை,
தலையில் வைத்திருந்தேன்.
முன்மொழிவின் பிரதி நனைந்துவிட்டது.
இன்னொன்று அனுப்ப முடியுமா?'

காலாண்டு அறிக்கை கார்த்திகையில்.
படிவம் அவர்களுடையது, கட்டங்கள் அவர்களுடையவை.
செய்துகொண்ட தொழில்துறை இணைப்புகள்: ஒன்று.
பயிற்சி பெற்ற மாணவர்: ஒருவர்.
ஆழம் அளவிடப்பட்ட இடங்கள்.
பூச்சியம் என்று அடித்தேன்.
அழித்தேன்.
ஒன்று. வெருகலாறு. நெஞ்சளவு.

சேர் வாசித்தார்.
திருத்துவாரென்று சிவப்புப் பேனையை நீட்டினேன்.
நீலம் கேட்டார்,
கையொப்பம் வைக்க.